முப்பத்து நான்கு பல்

ஜனவரி 4, ஞாயிறு

பேரிங் கடையில் வருடா வருடம் டைரி கொடுப்பார்கள். எந்த லாரியின் கியர்பாக்ஸை என்றைக்கு இறக்கினேன் என்று குறிப்பதோடு சரி. இந்த வருடம் டாக்டர் இரண்டு வேளையும் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். காலை 148/94. மாலை 164/100.

மாலையில் ஏறியதற்குக் காரணம் உண்டு. நாலு மணிக்குப் பட்டறை வாசலில் ஒரு மினி ஆட்டோ வந்து நின்றது. பூங்கோதை டீச்சர் இறங்கினார். பின்னால் போர்வை சுற்றிய ஒரு சைக்கிள். போர்வைக்குள் என்ன சைக்கிள் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது.

டீச்சர் என் சிநேகிதன் மதியழகனின் மனைவி. அரசுப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறார். மதி போன பிப்ரவரியில் சுனைமலை ஏறும்போது மாரடைப்பில் போய்விட்டான். வயது நாற்பத்தொன்பது. ஏழு வருடமாக ஞாயிறுதோறும் நானும் அவனும் சேர்ந்து சைக்கிள் ஓட்டியவர்கள். அன்றைக்கும் சேர்ந்துதான் போனோம். நான் கொஞ்சம் முன்னால் போய்விட்டேன். எதுவும் தெரியவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத இருக்கிறது.

"அண்ணா, இத நான் மலையேறுற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார் டீச்சர்.

"நீங்களா?"

"மூணு மாசமா பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்லதான் போயிட்டு வர்றேன். பொம்பளப் புள்ளைங்க எல்லாம் சிரிச்சு முடிச்சிட்டாங்க. இப்பப் பழகிருச்சு."

"எந்த மலைங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "எந்த மலைன்னு கேக்கறீங்களே."

பிப்ரவரி பதினைந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். ஒரு வருடம் முடிகிறது. அந்த இடத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. காரில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். "எனக்குக் கார்ல போக வேண்டாமுங்க. அவரு எப்படிப் போனாரோ அப்படிப் போயிப் பாக்கணும். நீங்க கூட வரணும். எடம் உங்களுக்குத்தான தெரியும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜனவரி 6, செவ்வாய்

144/92. இரண்டு கியர்பாக்ஸ் இறக்கினேன். ஒன்றில் மூன்றாவது கியர் பல் தேய்ந்து மொழுக்கையாகக் கிடந்தது. சைக்கிளைத் தொட நேரமில்லை. போர்வையோடு மூலையில் நிற்கிறது.

ஜனவரி 7, புதன்

நேரமில்லை.

ஜனவரி 9, வெள்ளி

போர்வையை எடுத்தேன். வலது கைப்பிடியில் தார் உரசிய கோடு இருக்கிறது. அதை மட்டும் பார்க்காமல் மற்ற வேலையைப் பார்த்தேன். மதியும் டீச்சரும் ஏறக்குறைய ஒரே உயரம். சீட்டை ஒரு விரற்கடை இறக்கினால் போதும்.

பள்ளி விட்டதும் டீச்சர் வந்தார். கையில் ஒரு நோட்டு.

"மொதல்ல எனக்குப் புரிய வைங்கண்ணா. முன்னால எத்தனை பல்லு, பின்னால எத்தனை பல்லு?"

முன்னால் இரண்டு பல்சக்கரம், சின்னது முப்பத்தொன்பது பல். பின்னால் இருக்கும் பல்சக்கரங்களில் பெரியது இருபத்தைந்து. மலையில் இந்த இரண்டையும்தான் போட முடியும், இதற்குக் கீழே கிடையாது என்றேன். அவர் நோட்டில் வகுத்தார்.

"ஒண்ணே முக்காலே… இல்ல, ஒண்ணு புள்ளி அஞ்சு ஆறு. அதாவது பெடல் ஒரு சுத்து சுத்துனா டயர் ஒன்றரை சுத்துக்கு மேல சுத்தணும். செங்குத்துல அத்தனையும் கால்தான் தூக்கணும்."

"ஆமாங்க."

"பின்னால பல்லு அதிகமான சக்கரம் போட்டா?"

"லேசா இருக்கும். மெதுவாப் போவும்."

"மெதுவாப் போனா என்னங்க? அவரு ஏன் இருபத்தஞ்சே வெச்சிருந்தாரு?"

கையில் கிரீஸ் இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆம்பளைங்க அப்படித்தானுங்க ஓட்டுவோம்" என்றேன். அவர் தலையாட்டினார். நோட்டில் ஏதோ எழுதினார். நான் சொன்னதையும் எழுதிக்கொண்டாரோ என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

"அதிகபட்சம் எத்தனை போடலாம்?"

"இந்தச் சைக்கிள் இருபத்தெட்டுக்கு மேல ஏத்துக்காதுங்க."

இருபத்தெட்டு போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பின்னால் செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளிவிடும் கை ஒன்று இருக்கிறது. இதில் இருப்பது குட்டைக் கை. அதனால்தான் ஏற்காது. நீளக் கை வாங்கி மாட்டினால் முப்பத்து நான்கு வரை போடலாம்தான். அது வேறு விஷயம். டீச்சர் கேட்டது இந்தச் சைக்கிளைப் பற்றி.

மாலை 170/102.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். 150/96. வெளியே எங்கும் போகவில்லை. டீச்சரிடமிருந்து வாழ்த்து வந்தது, கீழேயே ஒரு கேள்வி: "சுனைமலையில் மொத்தம் எத்தனை வளைவு? அவர் எத்தனையாவது வளைவில்?"

இருபத்தேழு என்று பதில் போட்டேன். இரண்டாவது கேள்விக்குப் போடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

மோகனூர் ரோட்டில் முப்பது கிலோமீட்டர். சமவெளி. டீச்சர் நன்றாகவே ஓட்டுகிறார், தோளை இறுக்கிப் பிடிக்காமல். நான்தான் தடுமாறினேன். பதினொரு மாதம் கழித்து உட்காருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கௌசல்யா கேட்டாள். "முட்டி வலின்னுதான ஒரு வருசமாச் சைக்கிளத் தொடல? இன்னைக்கு வலிக்கலீங்களா?"

"கொறஞ்சிருச்சு."

"எப்பக் கொறஞ்சுது?"

என் மனைவி அதிகம் பேசமாட்டாள். கேட்கிற கேள்வியை மட்டும் சரியாகக் கேட்பாள். குளிக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஊருக்கு வடக்கே சின்னக் குன்றின் மேலிருக்கும் கரட்டுக் கோயிலுக்கு ஒரு தார்ப் பாதை போகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர், இரண்டு வளைவு. சுனைமலைக்கு முன்னால் ஒரு ஒத்திகை என்று காலை ஏழு மணிக்குப் போனோம். பின்னால் இருபத்தெட்டு பல் மாட்டியிருந்தேன். முதல் வளைவு வரை டீச்சர் பேசிக்கொண்டே வந்தார். அப்புறம் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் வருகிற ஒருவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டு ஏறுவது எனக்கு… நான் வேகத்தைக் கூட்டினேன். ஏன் கூட்டினேன் என்று தெரியவில்லை. பத்தடி முன்னால் போய்விட்டேன்.

இரண்டாவது வளைவின் உள்பக்கம் சுவர் மாதிரி நிற்கும். திரும்பிப் பார்த்தபோது டீச்சர் எழுந்து நின்று அழுத்திக்கொண்டிருந்தார். பெடல் பாதியில் நின்றது. சைக்கிள் நகரவில்லை. ஒரு கணம் அப்படியே நின்று, குறுக்கே, பாதை நடுவில் சாய்ந்தார். அதே நேரம் மேலேயிருந்து ஒரு முட்டை வேன் வளைவில் இறங்கியது.

நான் கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் தரையிலிருந்து வரவில்லை. பிரேக் சத்தம், ரப்பர் கருகிய நாற்றம். டீச்சரின் தலைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்.

டிரைவர் இறங்கி வந்து கத்தினான். "சாகறதுக்கு எம்பட வண்டிதான் கெடைச்சுதா? ஏய்யா, நீ பாத்துட்டு நிக்கற? கூட வந்த ஆளுதான நீயி?"

அவன்தான் டீச்சரைத் தூக்கி உட்கார வைத்தான். முழங்கையில் சிராய்ப்பு. வேறு அடி இல்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி நாடித்துடிப்பு 171 என்று காட்டியது.

"எவ்வளவு அமுத்துனாலும் கீழ போக மாட்டேங்குதுங்கண்ணா" என்றார், மூச்சு அடங்கியபின். "நின்னு அமுத்துனேன். இங்க ஒரு குத்துக் குத்துச்சு." நெஞ்சின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

இருபத்தெட்டுதான் ஏற்கும் என்று சொன்னவன் நான்.

பிரஷர் பார்க்கவில்லை.

ஜனவரி 28, புதன்

நெஞ்சில் குத்தியது என்றதால் டீச்சரை விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இசிஜி, எக்கோ, அந்த ஓடுகிற மெஷின் எல்லாம். வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, "வீட்டுக்காரம்மாங்களா?" என்று கேட்டார். இல்லை, சிநேகிதர் சம்சாரம் என்றேன். "சிநேகிதரு வரலீங்களா?" என்றார்.

எல்லாம் சரியாக இருக்கிறதாம். பயப்பட ஒன்றும் இல்லை, மலையேறலாம், ஆனால் பேசிக்கொண்டே ஏறுகிற வேகத்தில் ஏறுங்கள், பேச்சு வராவிட்டால் இறங்கி நில்லுங்கள் என்றாராம் டாக்டர்.

"அப்படின்னா லேசான கியர் வேணுமில்லீங்கண்ணா?" என்றார் டீச்சர் படியிறங்கும்போது. அவர் குரலில் எதுவும் இல்லை. பாடம் நடத்துகிற குரல்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று டீச்சர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

"அவரு பீரோவுல இருந்துச்சு. பிரிக்கவே இல்ல. இது எதுக்குன்னு பாருங்கண்ணா."

பெட்டியின் மேல் 11–34 என்று அச்சடித்திருந்தது. பின் பல்சக்கரம். மேலே ஒட்டியிருந்த பில்லில் வாங்கிய தேதி போன வருடம் ஜனவரி பத்து.

"பின்னால மாட்டற சக்கரங்க."

"முப்பத்துநாலு பல்லா?"

"ஆமாங்க."

"இந்தச் சைக்கிள் ஏத்துக்காதுன்னீங்களே. அப்புறம் அவரு எதுக்கு வாங்குனாரு?"

"செயின் தள்ளற கைய மாத்தினா ஏத்துக்கும். நான்… அன்னைக்கு அத யோசிக்கல."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வகுப்பில் ஒரு பெண் விடை சொல்லக் காத்திருப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் கேட்டது. பக்கத்துப் பட்டறையில் தகடு அடிக்கிற சத்தம் கேட்டது.

"கோயமுத்தூர்ல சொல்லி நீளக் கை வரவெச்சர்றேன். முன்னாலயும் முப்பத்துநாலு மாட்டிரலாம்" என்றேன்.

"முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு. ஒண்ணுக்கு ஒண்ணு" என்றார். "சரீங்கண்ணா." பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.



பிப்ரவரி 4, புதன்

கை வந்தது. மாட்டினேன். செயினில் நாலு கண்ணி கூடுதலாகச் சேர்த்தேன். முன் சக்கரம் மாற்றினேன். கேபிள் இழுத்து, பல்லுக்குப் பல் தள்ளிப் பார்த்துச் சரிசெய்தேன். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் சத்தமே இல்லை.

எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம்.

இரண்டே மணி நேர வேலை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மறுபடியும் கரட்டுக் கோயில். இந்த முறை நான் பின்னால் வந்தேன். டீச்சர் உட்கார்ந்தபடியே, கால் சுலபமாகச் சுழல, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக ஏறினார். விழுந்த வளைவில் தன் பள்ளித் தலைமையாசிரியை பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு அறுபடவில்லை. மேலே போய் மணிக்கட்டைப் பார்த்தார். 132.

"பாத்தீங்களா! நான் சக்தி கூடிப்போயி ஏறல. பல்லுதான் மாறிருக்கு."

சந்தோஷப்பட வேண்டும். நானோ அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவருக்கும் இது இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பார், நிச்சயம் ஆரம்பிப்பார். அவர் ஆரம்பிக்கவில்லை. கோயில் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

168/104. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 11, புதன்

கௌசல்யா: "நீங்க போக வேண்டாம். உங்க மூஞ்சி நல்லால்ல. வேற யாரையாச்சும் கூட அனுப்புங்க."

போகாமல் இருக்க ஒரு வழி கிடைத்தது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பிரஷர் என்று சொன்னால் டீச்சர் நம்புவார். ஆனால் அவர் நிறுத்தமாட்டார், தனியாகப் போவார். இருபத்தேழு வளைவு. பதினொரு கிலோமீட்டர். ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு.

பிப்ரவரி 14, சனி, மாலை

இரண்டு சைக்கிளுக்கும் காற்று பார்த்தாயிற்று. பிரேக் பார்த்தாயிற்று. தண்ணீர், கடலை மிட்டாய், பஞ்சர் சாமான். மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தேன்.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கும் ஏதாவது ஆனால் எழுதாமல் போய்விடும்.

போன வருடம் ஜனவரியில் மதி அந்தச் சக்கரத்தைப் படம் எடுத்து எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டான். "முப்பத்துநாலு வாங்கிட்டேன், கொழந்த மாட்டித் தருவான்" என்று எழுதினான். கொழந்த என்று அவன் கூப்பிடுவது என்னைத்தான். நான் அதற்குக் கீழே, "என்னடா, புள்ளத்தாச்சிக்கு வாங்குனியா?" என்று போட்டேன். பதினாறு பேர் சிரித்தார்கள். பிறகு போனிலும் சொன்னேன், உன் வண்டி அதை ஏற்காது, சும்மா உள்ளே வை, காலில் பலம் இருக்கிறவன் இருபத்தைந்திலேயே ஏறுவான் என்று. அவன் சிரித்தான். பெட்டியைப் பிரிக்கவில்லை. அடுத்த மாதம் என்னோடு சுனைமலைக்கு வந்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பத்தொன்பதாவது வளைவுக்கு மேலே நான் போய்க்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அவன் ஒரு தடவை கூப்பிட்டான். களைப்பில் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். நின்றால் கால் விட்டுவிடும், மேலே போய்க் காத்திருக்கலாம் என்று போய்விட்டேன். மேலே நாற்பது நிமிடம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என் நேரத்தைக் குழுவில் போட்டேன்.

எதுவும் கேட்கவில்லை என்றுதான் போலீஸிலும் வீட்டிலும் சொன்னேன்.

எழுதியாயிற்று. லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அடிவாரத்தில் ஆறரைக்கு ஏற ஆரம்பித்தோம். பனி இருந்தது. டீச்சர் முன்னால், நான் பின்னால். வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு பலகையிலும் அவர் எண்ணை வாய்விட்டுச் சொன்னார். நான் பதிலுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பேச்சு வருகிறதா என்று பார்க்கத்தான்.

"ஏழு."

"ஏழு."

பதினொன்றில் குரங்குகள். பதினான்கில் இறங்கித் தண்ணீர் குடித்தோம். அவருக்கு 136. எனக்குப் பார்க்கிற கருவி இல்லை, காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. பதினாறில் ரோடு செங்குத்தானது. என் வண்டியில் பழைய பல்தான், மாற்றவில்லை. எழுந்து நின்று அழுத்த வேண்டியிருந்தது. டீச்சர் உட்கார்ந்தபடியே போனார். பதினெட்டு என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

"அண்ணா? பதினெட்டு."

"ம்."

"ம்முன்னா கணக்கில்ல. சொல்லுங்க."

"பதினெட்டு."

பத்தொன்பதைத் தாண்டி இருநூறு அடியில், வேலிக்கல் மூன்று சேர்ந்து நிற்கிற இடத்தில், நான் இறங்கினேன். "இங்கதானுங்க" என்றேன்.

அவர் சைக்கிளைக் கல்லில் சாய்த்தார். ரோட்டைப் பார்த்தார். ஒன்றுமே இல்லை அங்கே. தார், ஓரத்தில் உண்ணிச்செடி, கீழே பள்ளம். குனிந்து உள்ளங்கையைத் தாரில் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன்.

நான் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். சக்கரம் வாங்கியது, நான் எழுதியது, ஏற்காது என்று பொய் சொன்னது, அதே பொய்யை அவரிடமும் சொன்னது, அதனால் அவர் வேன் முன்னால் விழுந்தது. முடிக்கிறவரை அவர் தலை தூக்கவில்லை.

"தெரியுமுங்க" என்றார்.

"எதுங்க?"

"புள்ளத்தாச்சி. அவரு போன் எங்கிட்டதான இருக்குது. டிசம்பர்ல ஒரு நாள் தைரியம் வந்து தொறந்து படிச்சேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட வந்தீங்க?"

"நீங்களாச் சொல்லுவீங்களான்னு பாத்தேன்." எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "நீங்க ஒருத்தரா சிரிச்சீங்க? பதினாறு பேரு. அவரும் சிரிக்கற பொம்மை போட்டிருக்காரு. நீங்க மாட்டித் தரலைன்னா வேற ஆளுகிட்ட போயி மாட்டியிருக்கலாம். மாட்டல. அதுக்கு உங்கள மட்டும் சொல்ல முடியாது. டாக்டரும் சொன்னாரு, எப்ப வேணும்னாலும் வந்திருக்கும்னு. அதனாலதான் உங்க கூட வர முடிஞ்சுது."

அவர் அப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட முயன்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கையில் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு மேலே ஏறியிருக்கலாம். இதற்குமேல் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

"இன்னொண்ணு இருக்குதுங்க" என்றேன். "அவன் கூப்ட்டான். எனக்குக் கேட்டுச்சு."

டீச்சரின் முகம் மாறியதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. கோபம் இல்லை அது. யாரோ பின்னாலிருந்து தொட்டது மாதிரி நின்றார்.

"என்ன சொல்லிக் கூப்ட்டாரு?"

"'கொழந்த, நில்லுடா'ன்னு."

"சத்தமாவா?"

"சத்தமாத்தானுங்க."

"நீங்க?"

"நிக்கல."

கீழே எங்கோ ஒரு பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அது வந்து, எங்களைத் தாண்டி, மேலே போனது.

"ஒரு வருசமா எம் பையனுக்கு நான் சொல்லிட்டிருக்கறது என்ன தெரியுங்களா? அப்பாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, அப்படியே போயிட்டாருன்னு. நீங்கதான் அப்படிச் சொன்னீங்க."

"ஆமாங்க."

"அவருக்குத் தெரிஞ்சிருக்குது."

அவர் சைக்கிள் பக்கம் திரும்பினார்.

"நீங்க எறங்கிப் போயிருங்க" என்றார். அண்ணா என்று சொல்லவில்லை. "நான் மேல போறேன். கூட வராதீங்க."

சைக்கிளை எடுத்து ஏறிப் போனார். செங்குத்தில் ஏறி உட்காருவது கஷ்டம், ஆனால் அந்தப் பல்லில் முடிந்தது. இருபதாவது வளைவில் மறைந்தார்.

இறங்கிப் போகச் சொன்னார். இறங்க முடியவில்லை. மேலே இன்னும் ஏழு வளைவு, அவர் மனநிலை என்ன என்று தெரியாது, நாடி எவ்வளவு என்று தெரியாது. கூட வராதே என்றும் சொல்லிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு வளைவு தாண்டியதும் நான் அந்த வளைவுக்கு வருவேன், நின்று காது கொடுப்பேன். சக்கரம் சுழலும் சத்தம் கேட்டால் அடுத்த வளைவு. என் வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை. இருபத்து நான்கில் சத்தம் நின்றது. ஓடினேன். சைக்கிள் ஷூவில் தடுக்கித் தடுக்கி ஓடினேன். வளைவைத் திரும்பினால், அவர் ஓரத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பில்லாததால் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எழுந்து ஏறினார்.

மேலே எட்டேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் ஒன்பதே காலுக்கு. டீக்கடைக்குள் நான் போகவில்லை. அவர் சைக்கிளைப் பஸ்ஸின் மேலே ஏற்றச் சொல்லி, பஸ்ஸிலேயே இறங்கிவிட்டார்.

கௌசல்யாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். "முட்டி வலி இல்லைன்னு எனக்கு மொதல் மாசமே தெரியும்" என்றாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

டீச்சரிடமிருந்து போன் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒரு லாரியை டெலிவரி கொடுத்தேன். ரிவர்ஸ் கியர் விழவில்லை என்று திரும்ப வந்தது. முப்பது வருடத்தில் முதல் முறை. ஒரு கம்பியைத் தப்பாக மாட்டியிருக்கிறேன். 172/106.

ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவர் பெயராக இருக்கும் என்று பயம். இல்லாவிட்டால் அதுவும் பயம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

டீச்சரிடமிருந்து மூன்று வரி, மகன் எழிலனைப் பற்றி.

"எழிலன் சனிக்கிழமை சென்னையிலிருந்து வருகிறான். அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்."

பிப்ரவரி 28, சனி

எழிலனுக்கு இருபத்தொரு வயது. மதியின் தோள், மதியின் நடை. பட்டறை வாசலில் நிழலாக வந்து நின்றபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன்.

"மாமா, அம்மா உங்களப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. என்னன்னு சொல்லல."

உட்கார வைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சக்கரம், கேலி, பொய். நடுவில் அவன் குறுக்கிடவில்லை. கூப்பிட்டதைச் சொன்னேன், நிற்காததைச் சொன்னேன், டீக்கடையைச் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எத்தன தடவ கூப்ட்டாரு?"

யாரும் இதைக் கேட்டதில்லை. போலீஸ் கேட்கவில்லை, டீச்சர் கேட்கவில்லை. ஒன்று என்று சொல்ல வாய் திறந்தேன். இந்த டைரியிலும் ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். யாருமே படிக்காத டைரியில்.

"மூணு" என்றேன்.

முதல் தடவை களைப்பு என்று நினைத்தேன். இரண்டாவது தடவை எரிச்சலாக வந்தது. மூன்றாவது தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஓட்டினேன். ஒரு நிமிடம் இருபத்தைந்து விநாடி மிச்சம் பிடித்தேன் அன்றைக்கு, என் பழைய நேரத்தைவிட. அதையும் அவனிடம் சொன்னேன்.

எழிலன் எழுந்தான். வாசல் வரை போனான். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. நான் எழுந்திருக்கவில்லை, எழுந்து அவனைத் தொடுகிற தகுதி எனக்கு இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். "அம்மாவுக்கு மூணுன்னு தெரியுமா?"

"தெரியாது. நான் கூப்ட்டான்னு மட்டும்தான் சொன்னேன்."

"அப்பச் சொல்லிருங்க. இனி எங்க வீட்ல பாதி தெரிஞ்சு பாதி தெரியாம வேண்டாம்."

அவனே தன் போனில் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினான். அந்தப் பக்கம் இரண்டு முறை மணி அடித்தது. டீச்சர் எடுத்தார்.

"சொல்லு கண்ணு" என்றார்.

"எழிலன் இல்லீங்க" என்றேன். "நான் கொழந்தவேலு."